லைனில்தான் கோளாறு

தோற்கிறவனுக்கு ஒரு காரணம் வேண்டும்; அது கிடைக்காவிட்டால் சோறு தொண்டையில் இறங்காது. கிஹோவுக்கு அந்த வருஷம் வீட்டு இன்டர்நெட் லைன் வாகாகக் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கிண்ணம் காய்வதற்குள் சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். மகள் செரின் வேலை கிடைத்துப் பூசானுக்குப் போன பிறகு அந்த அறை அவன் ராஜ்ஜியம். அந்தப் பக்கம், கிழக்குக் கடலோரம் சோக்சோவில் மீன் கடை வைத்திருக்கும் தால்சு தயாராக உட்கார்ந்திருப்பான். இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டியாயிற்று. படை திரட்டி ஒருத்தன் கோட்டையை ஒருத்தன் இடிக்கிற விளையாட்டை, தலையில் முடி இருந்த காலத்திலிருந்து விடாமல் விளையாடுகிறார்கள்.

கதவைச் சாத்தினாலும் சத்தம் சமையலறை வரை வரும்.

"லேக் அடிக்குதுடா. நான் தட்டி அரை நிமிஷம் கழிச்சு ஓடுறானுங்க என் ஆளுங்க."

"ஆமாண்ணே, ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்" என்பான் தால்சு ஸ்பீக்கரில். "போன வாரம் மவுஸ் சரியில்ல. அதுக்கு முந்தி நாற்காலி. இப்ப லைனா? அடுத்து அண்ணி போட்ட கிம்ச்சில உப்பு அதிகம்னு சொல்லுவீங்க."

"வாய மூடிட்டு ஆடு."

"மூடிட்டுத்தான் ஜெயிச்சேன். ஆட்டம் முடிஞ்சிருச்சுண்ணே, பாக்கலையா?"

சமையலறையில் அவன் மனைவி ஓக்ஜின் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். புப்யோங் மார்க்கெட்டில் அவளுக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்கள் விற்கும் சின்னக் கடை இருக்கிறது. கிம்ச்சி ஊறுகாய் போடுகிற வாரம் வந்துவிட்டால் வீடு முழுக்க முட்டைக்கோஸும் பூண்டும்தான். முன்பெல்லாம் பூண்டு கிஹோவின் பங்கு. டிவியைப் பார்த்தபடியே ஒரு கூடையை உரித்துத் தள்ளிவிடுவான். இந்தத் தடவை ஒரு கிண்ணம் உரிப்பதற்குள் பாட்டு நிகழ்ச்சியே முடிந்துவிட்டது. இடது கையில் பூண்டுப் பல் நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி மடியில் விழுந்தது. "பூண்டா இது, ஈரமா இருக்கு" என்று பூண்டைத் திட்டிவிட்டு எழுந்து போனான். அவள் எடுத்துப் பார்த்தாள். ஈரமும் இல்லை, ஒன்றும் இல்லை.

அதற்கு முன்னால் இன்னொன்று. காலையில் இருவரும் குன்றுப் பாதையில் நடப்பார்கள். அவன் வலது கை வீசி நடக்கும். இடது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு வரும். "அக்குள்ல பர்ஸ் வச்சிருக்கீங்களா, விழுந்துரும்னு பயமா?" என்று அவள் கேலிகூடச் செய்தாள். அவன் சிரித்தான். பிறகு வீடு வரைக்கும் கையை வேண்டுமென்றே வீசிக்கொண்டு வந்தான். அந்த வீச்சைப் பார்த்துத்தான் அவள் கேலியை நிறுத்தினாள்.

டாக்டரிடம் போகலாமா என்று ஒரு முறை கேட்டாள். "எதுக்கு, உனக்கு இடுப்பு வலியா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. லைன் கோளாறாகவே இருக்கட்டும் என்று அவளும் வேண்டிக்கொண்டாள். லைன் கோளாறு என்றால் கை கோளாறு இல்லை. இரண்டில் ஒன்றுதானே இருக்க முடியும் என்று மனசு ஒரு கணக்குப் போட்டது. பயந்த மனசு போடுகிற கணக்கு அப்படித்தான் இருக்கும்.

அந்தக் கை எப்படி இருந்த கை.

ஐஎம்எஃப் வருஷம் என்று ஊரே சொல்லும், நாடே கடன் கேட்டு நின்ற அந்த மோசமான காலத்தில் கிஹோவுக்குத் தொழிற்சாலை வேலை போயிற்று. கிடைத்த பணத்தில், ஊரில் பாதிப் பேர் கோழி பொரிக்கும் கடை போட, இவன் பிசி பாங் போட்டான். ரயில் நிலையத்துக்கு எதிரே, பல் டாக்டருக்கு மேல் மாடியில், வரிசையாகக் கம்ப்யூட்டர். மணிக்கு இவ்வளவு என்று உட்கார்ந்து விளையாடலாம். 'விண்மீன்' என்று பெயர் வைத்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஓக்ஜின் முதுகில் செரினைக் கட்டிக்கொண்டு கல்லாவில் நிற்பாள். ஒரு கையால் சில்லறை கொடுப்பாள், ஒரு கையால் ராம்யோன் நூடுல்ஸில் முட்டை உடைத்து ஊற்றுவாள். சிகரெட் புகை, கொதிக்கிற குழம்பு வாசனை, ஈர சாக்ஸ் நாற்றம் எல்லாம் கலந்த அந்தக் காற்றை இன்றைக்கு யாராவது பாட்டிலில் அடைத்துக் கொடுத்தால் அவள் மூடியைத் திறந்து ஆசை தீர முகர்வாள். அவ்வளவு ஏங்கினாள் அந்த நாட்களுக்கு.

கடையில் கூட்டமில்லாத நேரத்தில் கிஹோ ஒரு மெஷினில் உட்காருவான். அவ்வளவுதான், கூட்டம் வந்துவிடும். அவன் இடது கை விசைப்பலகையில் இறங்கினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி இருக்கும். கப் நூடுல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பையன்கள் அவன் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்கள். நூடுல்ஸ் ஊறிக் கஞ்சியாகிவிடும். பீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த தால்சு, லாரியைத் தெருவை அடைத்து நிறுத்திவிட்டு மாடியேறி வந்து சவால் விடுவான். தோற்பான். கீழே இறங்கினால் போலீஸ்காரர் சீட்டு எழுதிக்கொண்டிருப்பார். அடுத்த நாளும் வருவான்.

அந்தக் கடையில் விளையாட்டு கிஹோவின் இலாகா என்றால் லைன் ஓக்ஜினின் இலாகா. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு எல்லா மெஷினும் நிறைந்ததும் ஒரு மூலையிலிருந்து குரல் வரும்: "அக்கா, லேக் அடிக்குது." பிறகு கடை முழுக்க அதே பாட்டு. அவள் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஒரு வரி தட்டுவாள். போன செய்தி எத்தனை நேரத்தில் திரும்பி வந்தது என்று அது எண்ணைக் காட்டும். எண் ஏறியிருந்தால் யாரோ லைனை அடைத்துக்கொண்டு சினிமா இறக்குகிறான் என்று அர்த்தம். கரண்டியும் கையுமாக வரிசை வரிசையாக நடந்து போய், ஒரு நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள். பெரும்பாலும் அது தால்சுவாக இருக்கும். எண் ஏறாமல் இருந்தால் கல்லாவிலிருந்தே கத்துவாள்: "லைன் சுத்தமா இருக்கு. தோத்தவன் தோத்தேன்னு சொல்லிட்டுப் போ." கடையே சிரிக்கும். தோற்றவன் காது சிவந்துபோய் உட்கார்ந்திருப்பான்.

மெத்தை நாற்காலியும் பெரிய திரையுமாகப் பணக்காரக் கடைகள் வந்த பிறகு விண்மீன் மூடப்பட்டது. கிஹோ இப்போது பக்கத்து அடுக்ககத்தின் நிர்வாக அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். அதையெல்லாம் நினைத்து என்ன ஆகப்போகிறது.

கிஹோ லைன் கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டுத் தொல்லை பண்ணி, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் லைன்காரர் வருவதாக ஏற்பாடு ஆயிற்று. அதற்கு முன்னால் தானே பார்த்துவிடலாம் என்று ஓக்ஜின் சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்தாள். கிஹோ ஆடுகிற அலுவலக லேப்டாப்பில் வேகம் அளக்கும் பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். முள் கொஞ்சம் எழுந்தது, தள்ளாடியது, படுத்துவிட்டது.

கிஹோ தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "முப்பது. பாத்தியா? ஆயிரம் தர்றேன்னு சொன்ன பயலுக. கிகாவாம் கிகா."

"பெரிய நம்பர விடுங்க."

"எத விடுறது? காசு வாங்குறது அந்த நம்பருக்குத்தான."

"சீனாக்காரர் கடைலேருந்து கறுப்பு நூடுல்ஸ் வரவழைக்கிறோம்ல? ஒரே நடையில எத்தனை கிண்ணம் தூக்கிட்டு வர்றான்கிறது பெரிய நம்பர். நீங்க போன் பண்ணி எத்தனை நேரத்துல வந்து கதவத் தட்டுறான்கிறது, இந்தா, கீழ இருக்கு பாருங்க, இந்தச் சின்ன நம்பர். சினிமா பாக்கிறவனுக்குத்தான் கிண்ணம் கிண்ணமா வேணும். உங்க ஆட்டத்துக்கு ஒரு வாய் போதும். ஆனா கேட்ட உடனே வரணும்."

மறுபடி அழுத்தினாள். சின்ன எண் முதலில் இருபது என்றது. அடுத்த முறை முந்நூறு. அதற்கடுத்து நாற்பது. அவள் லேப்டாப்போடு எழுந்துவிட்டாள். இப்படித் தாவுகிற எண்ணோடு எவனும் விளையாட முடியாது. கூடத்தில், ரவுட்டர் பக்கத்தில் போய் அளந்தாள். எண் சாதுவாக நின்றது. சின்ன அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள், பேய் பிடித்தது. கதவைத் திறந்தாள், கொஞ்சம் தெளிந்தது. அவள் சுவரைப் பார்த்தாள்.

போன குளிர்காலத்தில் வடக்குச் சுவர் ஈரம் கசிந்து பூஞ்சை பிடித்தபோது, கிஹோ மார்க்கெட்டிலிருந்து சுருள் சுருளாகக் குளிர் தடுக்கும் தாள் வாங்கி வந்து ஒட்டினான். வெளியே வெள்ளைச் செங்கல் மாதிரி அழகு. உள்பக்கம் முழுக்க வெள்ளித்தாள். அந்தக் கட்டடத்தில் பாதி வீட்டுச் சுவருக்கு அதுதான் கம்பளி. மிச்சமாகிறதே என்று இவன் வடக்குச் சுவரோடு நிற்காமல் நாலு சுவரிலும் ஒட்டி, கதவின் உள்பக்கத்தையும் விடவில்லை.

"ஏங்க, வைஃபை அலை எப்படி உள்ள வரும்? மீன வெள்ளித்தாள்ல சுத்தி வேகவைக்கிற மாதிரி உங்களையே சுத்தி வச்சிருக்கீங்க."

அவன் சுவரைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தான். "வெள்ளித்தாளு. அட சனியனே, வெள்ளித்தாளு." அவளும் சிரித்தாள். இத்தனை மாதத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. தலையில் இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பன்றிக்கறி வாட்டினாள்.

சனிக்கிழமை வந்த லைன்காரர் பெயர் குவாக். நாற்பது வயசு இருக்கும். ஷூவைக் கழற்றி ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டு, செருப்பு அலமாரிக்குள் இருக்கும் லைன் பெட்டியைத் திறந்தார். தன் கருவியை ஒயரில் நேராக மாட்டினார். விட்டு விட்டுப் பல முறை அளக்க வேண்டும், அதுவும் ஒயரில்தான், வைஃபையில் அளந்தது கணக்கில் வராது என்று விதியைச் சொல்லிக்கொண்டே அளந்தார். தொள்ளாயிரத்துச் சொச்சம். மறுபடியும் தொள்ளாயிரத்துச் சொச்சம். சின்ன எண் மூன்று. போன செய்தியில் வழியில் தொலைந்தது ஒன்றுகூட இல்லை.

"பிரமாதமா இருக்கு சார். பெட்டியிலேருந்து இது வரைக்கும் எங்க பொறுப்பு, சுத்தம். இதுக்கு அந்தப் பக்கம் உங்க பாடு."

"அந்தப் பக்கத்துக்கும் ஒயர் இழுத்துருங்க" என்றாள் ஓக்ஜின். "வெள்ளித்தாள உரிச்சா பூஞ்சை வந்துரும்."

குவாக் கதவு நிலையோரமாக ஒயரை ஒட்டிக்கொண்டு போய்ச் சின்ன அறையில் விட்டார். அங்கே மாட்டி அளந்தார், அங்கேயும் மூன்று. கிஹோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஓக்ஜின் குட்டி பாட்டிலில் வைட்டமின் பானம் கொடுத்தனுப்பினாள். வாசலில் நின்று போகிறவருக்குக் குனிந்து வணக்கம் சொல்லும்போது அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் மதியம் கிஹோ கதவைச் சாத்தவில்லை. "செரின் அம்மா, வா வந்து பாரு. இன்னிக்கு அந்த மீன்காரன் செதில உரிக்கிறேன்."

"லைன் சரியாயிருச்சாண்ணே?" என்றது ஸ்பீக்கர்.

"ஆயிருச்சு. உனக்குத்தான் இனிமே சரியிருக்காது."

"ஐயோ, பயமா இருக்கே. அண்ணி, ஆம்புலன்ஸ்க்குச் சொல்லி வையுங்க, யாருக்குன்னு அப்புறம் சொல்றேன்."

ஓக்ஜின் பார்லித் தேநீரோடு அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். ஆட்டம் தொடங்கியது. திரையில் ஒவ்வொரு அசைவும் கண்ணாடி மாதிரி தெளிவாக, தடங்கலே இல்லாமல் ஓடியது. வலது கை மவுஸை இழுத்துச் சரியான இடத்தில்தான் நிறுத்தியது. கண் சரியாகப் பார்த்தது. தால்சு எந்தப் பக்கமாக வருவான் என்று அவன் முன்கூட்டியே முணுமுணுத்தான். தால்சு அந்தப் பக்கமாகத்தான் வந்தான். புத்தி எல்லாம் அப்படியே இருந்தது.

அவள் திரையை விட்டுவிட்டு இடது கையைப் பார்த்தாள். ஆலங்கட்டி மழை இல்லை. ஒரு விரல் எழுந்து, யோசித்து, விழுந்தது. அடுத்த விரல் எழுவதற்குள் வலது கை வேலையை முடித்துவிட்டுக் காத்திருந்தது. சுண்டுவிரல் எழவே இல்லை. நடுவில் ஒரு முறை அவன் வலது கையை மவுஸிலிருந்து எடுத்து, இடது கையைத் தூக்கிச் சரியான விசையின் மேல் வைத்தான். வழி தவறிய பிள்ளையைக் கூட்டிவந்து விடுகிற மாதிரி, கோபமே இல்லாமல் வைத்தான். பழக்கப்பட்ட காரியம் என்று பார்த்தாலே தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு இத்தனை நாளாக இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

கோட்டை இடிந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே இடிந்தது. முடிவில் திரையில் ஒரு பட்டியல் வந்தது. யார் நிமிடத்துக்கு எத்தனை தட்டு தட்டினார்கள் என்று. விண்மீன் நாளில் கடையே எழுந்து நின்று பார்த்த எண் அது. கிஹோ அவசரமாக அதை மூடினான். அவள் பார்த்துவிட்டாள். தால்சு தட்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"அண்ணே?" என்றது ஸ்பீக்கர்.

கிஹோ மைக்கை அணைத்தான். "அளந்து பாரு" என்றான்.

"இப்பத்தான நேத்து..."

"அளந்து பாரு, செரின் அம்மா. அந்த ஆள் போனப்புறம் ஏதாச்சும் ஆயிருக்கும். ஒயர்னா அப்பப்ப தளரும்."

அவள் குனிந்து அளந்தாள். தொள்ளாயிரம். மூன்று. தொலைந்தது இல்லை.

"இன்னொரு தடவ."

இன்னொரு தடவை. அதே. அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என்ன வருது?" என்று கேட்ட குரல் அவளுக்குப் பரிச்சயமில்லாத குரல். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளிருந்து வருகிற நர்ஸிடம் கேட்கிற குரல்.

ஒயர் அவள் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதன் நுனியிலிருக்கும் சின்ன நாக்கை அழுத்தினால் கழன்றுவிடும். கழன்றால் லேப்டாப் தானே வைஃபைக்குத் தாவும். நாலு சுவர் வெள்ளித்தாளுக்கு நடுவில் முந்நூறு வரும். 'ஆமாங்க, தளர்ந்துதான் இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குவாக் மறுபடி வருவார், அவன் மறுபடி சண்டை போடுவான், இன்னும் ஒரு மாதம், குளிர்காலம் முடிகிற வரை, லைன்தான் கோளாறு. அவள் விரல் அந்த நாக்கின் மேல் போய் உட்கார்ந்தும்விட்டது. அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. கடை முழுக்கக் கேட்கிற மாதிரி எத்தனை பேரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள், லைன் சுத்தமாக இருக்கிறது என்று. அது இவ்வளவு கொடூரமான வாக்கியம் என்று அப்போது யார் கண்டது.

"ஓக்ஜின்" என்றான் அவன்.

மகள் பிறந்த நாளிலிருந்து அவன் அவளைச் செரின் அம்மா என்றுதான் கூப்பிடுவான். அவள் விரலை எடுத்துவிட்டாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள். "லைன் நல்லா இருக்கு."

அவன் தலையாட்டினான். இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்து, அடுத்தவன் கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். கட்டைவிரல் தனியாக லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"வசந்த காலத்துலேருந்தே இப்படித்தான். சட்டைக் கை பித்தானப் போட முடியல. ஆபீஸ்ல யாரும் பாக்காதப்ப பல்லால போடுறேன்."

"தெரியும்."

"எது தெரியும்?"

"பூண்டு ஈரமா இல்ல."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "வெள்ளித்தாளுன்னு நீ சொன்னப்ப எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா. அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்."

"நானுந்தான்" என்றாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. நின்றபடியே, முந்தானை மாதிரி மார்பில் கட்டியிருந்த சமையல் துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் எழுந்து வந்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். இடது கையால்தான் தட்டினான். தாளம் தப்பித் தப்பி விழுந்தது. "என்ன நோயின்னு டாக்டர் சொல்லட்டும்" என்றான். "நாமளா பேர் வைக்க வேணாம்."

ஸ்பீக்கரில் தால்சு பொறுமை இழந்து கத்திக்கொண்டிருந்தான். "அண்ணே, இருக்கீங்களா? கடைய மூடிட்டு ஓடிட்டீங்களா? சரி விடுங்க, லேக்குன்னு எழுதிக்கிறேன். நம்ம அண்ணன் தோத்ததே கிடையாது, லேக்தான் தோத்துச்சு."

கிஹோ மைக்கைப் போட்டான்.

"லேக் இல்லடா" என்றான். "லைன் சுத்தமா இருக்கு. ஓக்ஜின் அளந்துட்டா. எனக்கு இடது கை வரல. ரொம்ப நாளா வரல."

அந்தப் பக்கம் மீன் கடையில் தண்ணீர்க் குழாயை மூடுகிற ஓசை கேட்டது.

"எந்த விரல்?" என்றான் தால்சு.

"எல்லாமும்."

"அப்ப இத்தனை மாசமா நான் ஒத்தக்கைக்காரன ஜெயிச்சுத்தான் மார்க்கெட் பூரா பீத்திக்கிட்டு அலைஞ்சேனா." கத்தியைப் பலகையில் போடுகிற சத்தம் கேட்டது. "மயிரு, ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன உங்களுக்கு? அண்ணி, நாளைக்குக் காலைல கடையச் சாத்திட்டு வர்றேன். ஆஸ்பத்திரிக்கு மூணு பேரும் போவோம்."

"நீ எதுக்குடா அவ்வளவு தூரத்துலேருந்து?" என்றான் கிஹோ.

"உங்கள நம்ப முடியாது. டாக்டர்கிட்டயும் லைன் சரியில்லைம்பீங்க."

கிஹோவுக்கு இப்போது சிரிப்பு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தான். வலது கையால் இடது கையைத் தூக்கி விசைப்பலகையில் வைத்தான். இந்தத் தடவை அவள் பார்க்கட்டும் என்றே வைத்தான்.

"இன்னொரு ஆட்டம் போடு" என்றான்.

"வேணாம்ணே."

"போடுடா. விட்டுக்குடுத்தேன்னு தெரிஞ்சுது, நாளைக்கு வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

"யாரு விட்டுக்குடுத்தா உங்களுக்கு."

ஓக்ஜின் கூடத்திலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்து வந்து போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தால்சு சொன்னபடியே விட்டுக்கொடுக்கவில்லை. ஈவு இரக்கமில்லாமல் அடித்தான். கிஹோ மெதுவாக, ஒவ்வொரு விரலாகத் தேடி வைத்து, கடைசிச் சுவர் விழுகிற வரைக்கும் விளையாடினான். முடிவில் அந்தப் பட்டியல் வந்தது. அவன் அதை மூடவில்லை.

"தோத்தேன்" என்றான்.